வரவேற்பு மேசையில் எந்தப் பூ?

தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதம் வந்துவிட்டால் உறுப்பினர்கள் இல்லத் திருமண அழைப்பிதழ்கள் குவிகின்றன. போகிறோம், வாழ்த்துகிறோம், மகிழ்கிறோம். ஆனால், வரவேற்பில் சாப்பாட்டு மேசையின் நடுவே நிற்கும் பூங்கொத்தைத் தொட்டுப் பார்த்தால் பிளாஸ்டிக்! அலங்காரக் காண்டிராக்டர் வாடகைக்குக் கொண்டுவந்தது; நேற்று வேறு மண்டபத்தில் இருந்திருக்கும்.

பெரிய கம்பெனிக் கடைக்குப் போகாதீர்கள், தெருக்கடையில் வாங்குங்கள் என்று வாடிக்கையாளர்களை வேண்டுகிற நாம், பூ வியாபாரியை மறக்கலாமா? நிலக்கோட்டைக்கும் தோவாளைக்கும் வரும் பூ அன்றன்றே விற்றாக வேண்டிய சரக்கு. அழுகிய தக்காளியைக் கூடையோடு கொட்டிய நமக்கு அந்த வயிற்றெரிச்சல் சொல்லாமலே புரியும்.

முகூர்த்த நாளில் மல்லிகை விலை எகிறும், உண்மைதான். மேசைக்கு மல்லிகை எதற்கு? அதன் மணமும் சம்பங்கி மணமும் சாம்பார் மணத்தோடு ஒட்டாது என்பது எங்கள் கருத்து. அகன்ற பித்தளை உருளியில் தண்ணீர் விட்டு, காம்பு நறுக்கிய செண்டுமல்லியையும் ஓசூர் ரோஜாவையும் மிதக்கவிட்டால் போதும். எதிரே இருப்பவர் முகமும் மறையாது. உருளி இல்லையென்றால் நம் பாத்திரக்கடை அன்பர்கள் கேட்டால் கொடுக்காமலா போவார்கள்! பூ செருகும் பச்சை நுரைக்கட்டி வேண்டாம். அதுவும் பிளாஸ்டிக் வகைதான், மக்காது.

பூக்கடைக்காரரிடம் ஒரு வாரம் முன்பே அளவைச் சொல்லி, விலை பேசி, முன்பணம் கொடுத்துவிடுங்கள். அன்று காலையில் போய் நின்றால் அன்றைய விலைதான்.