வரலாற்றுக்கும் இஸ்னாத் வேண்டும்



சென்ற வாரம் மதரஸா மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைச் சொன்னான். நம் ஊர்ப் பள்ளிவாசல் ஹிஜ்ரி முதலாம் நூற்றாண்டிலேயே கட்டப்பட்டதாம். “யார் அறிவித்தது?” என்று கேட்டேன். “எல்லோரும் அனுப்புகிறார்களே, ஹஜ்ரத்” என்றான்.

ஹதீஸ் பாடத்தில் அவன் இப்படிப் பதில் சொல்லமாட்டான். அறிவிப்பாளர் தொடரை இஸ்னாத் என்றும், செய்தியின் வாசகத்தை மத்ன் என்றும் பிரித்து ஆராயப் பழகியவன் அவன். வரலாற்றுக் கல்விக்கும் அந்தப் பழக்கமே அடிப்படை. நிகழ்வின் காலத்திலேயே உருவான கல்வெட்டு, கிரயப் பத்திரம், கடிதம் ஆகியவை முதன்மைச் சான்றுகள். அவற்றைக் கொண்டு பின்னாளில் எழுதப்பட்டவை இரண்டாம் நிலைச் சான்றுகள்.

அறிவித்தவர் பெரியவர் என்பது மட்டும் போதாது. செய்தியையும் எடைபோட வேண்டும். மூஸா நபி (அலை) அவர்களின் படையில் ஆறு இலட்சம் பேருக்கு மேல் இருந்தனர் என்று மஸ்ஊதி போன்ற வரலாற்றாசிரியர்கள் எழுதினர். இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவில் அதை மறுத்தார். அத்தனை பெரிய படை ஒரு களத்தில் அணிவகுத்துப் போரிட இயலாது என்றும், சில தலைமுறைகளில் ஒரு குடும்பம் அவ்வளவு பெருகாது என்றும் காரணம் காட்டினார்.

காலக்கணக்கும் முக்கியம். மீஸான் கல்லில் ஹிஜ்ரி 800 என்றிருந்தால், பலர் 622ஐக் கூட்டி 1422 என்பர். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஆகவே சரியான ஆண்டு 1397-98.

“முன்னோரின் பெருமையைக் குறைக்கலாமா?” எனச் சிலர் வருந்தலாம். ஆதாரமற்ற பெருமைதான் அவர்களைக் குறைக்கிறது. ஒரு பொய் வெளிப்பட்டால், நாம் சொல்லும் உண்மைகளும் சந்தேகத்திற்குள்ளாகும். செய்தியை உறுதிப்படுத்திக்கொள்ளுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது அல்லவா?

நம் வீட்டுப் பரண்களில் அரபுத் தமிழ் ஏடுகளும், கொழும்பிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வந்த கடிதங்களும் இன்னும் இருக்கக்கூடும். அவற்றைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டு, கைப்பேசியில் வரலாறு தேடுவது என்ன நியாயம்? இந்த விடுமுறையில் பிள்ளைகளோடு அமர்ந்து அவற்றைப் பிரித்துப் பாருங்கள். எழுதியவர் யார், எந்த ஆண்டு என்று குறித்து வையுங்கள்.

உண்மையை உண்மையாக அறியும் பாக்கியத்தை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.