விலை கூட்டும் அடைமொழி

பத்திரிகைச் சொற்களோடு இந்தப் பத்திக்கு இருக்கும் தீராத வழக்கு, தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். 'வரலாறு காணாத' மழையையும் 'பரபரப்பு'த் தகவலையும் முன்பே விசாரித்து முடித்தாயிற்று. இந்த வாரம் எரிச்சல் மூட்டியது 'அரிய வகை'. பாங்காக்கிலிருந்து சென்னையில் வந்து இறங்கும் பெட்டிகளுக்குள் ஆமையும் பல்லியும் குட்டிக் குரங்கும் அகப்படுவது இப்போது வழக்கமான செய்தி. உள்ளே இருந்தது எதுவானாலும் தலைப்பு ஒன்றுதான்: அரிய வகை உயிரினங்கள் பறிமுதல். அடுத்த வரியிலேயே சர்வதேசச் சந்தையில் மதிப்பு இத்தனை லட்சம் என்று வந்துவிடும். உயிரினத்தின் பெயர் வராது, அது எந்தக் காட்டுக்கு உரியது என்பதும் வராது. பண்ணைகளில் லட்சக்கணக்கில் பொரிக்கப்படும் சிவப்புக்காது ஆமைக்கும் அதே அடைமொழி. வெங்காயம் தட்டுப்பாடு என்று கூவினால் மறுநாள் சந்தையில் என்ன நடக்கும் என்று அறிந்தவர்கள்தாம், விலங்கு வியாபாரத்தில் அந்தக் கூவலைக் கூலி வாங்காமல் செய்துகொடுக்கிறார்கள்.

விமான நிலையத்தை அங்கேயே விட்டுவிடலாம். அந்தப் பெட்டி யாருக்காகப் புறப்பட்டது என்பதுதான் விஷயம். நம் வீட்டு உத்தரத்துப் பல்லிக்குப் பலன் உண்டு, விலை கிடையாது. ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பல்லி வளர்ப்பது பெரிய பொழுதுபோக்கு. கண்ணாடித் தொட்டி, ஈரப்பதமானி, புற ஊதா விளக்கு, சுண்ணாம்புத்தூள் தூவிய சிள்வண்டு என்று தனி உலகம் அது. அந்த உலகத்தின் நிலையான வாதம் ஒன்று: நாங்கள் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைப்பதால்தான் காட்டில் இருப்பது தப்பிக்கிறது. இந்த வாதம் முழுப் பொய்யில்லை. ஆனால் அங்கே விற்பனையாவது பல்லி மட்டும்தான் என்று அது எண்ணிக்கொள்கிறது. பல்லியோடு சேர்த்து, சில சமயம் பல்லியைவிட அதிகமாக, விற்பனையாவது அதன் கிடைக்காத்தன்மை. இதை மறந்தால் கணக்கு தப்பிவிடும்.

வாதத்துக்குச் சாதகமான சாட்சியை முதலில் அழைப்போம். தென் பசிபிக்கில் பிரான்சின் ஆளுகையிலுள்ள நியூ கலிடோனியாவைச் சேர்ந்தது கொண்டைப் பல்லி. கண்ணுக்கு மேலே இமைமயிர் போல முட்கள் வரிசைகட்டி நிற்கும். 1866இல் கிஷ்னோ என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் அதை விவரித்தார். அப்புறம் ஆளைக் காணோம். அழிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 1994இல் ராபர்ட் சைப் தலைமையில் போன குழு அதை மறுபடியும் கண்டது. அந்தப் பத்தாண்டில் வெளியே போன கொஞ்சம் பல்லிகளின் வம்சம்தான் இன்று உலகெங்கும் தொட்டிகளில் இருக்கிறது. தீவு இப்போது ஏற்றுமதியை அனுமதிப்பதில்லை, வெளியே அதற்கு அவசியமும் இல்லை. காரணம் பல்லியின் சுபாவம். தனிச் சூடேற்றம் வேண்டாம், சாதாரண அறை வெப்பம் போதும். பூச்சி இல்லாமல், பழமாவைக் குழைத்து வைத்தாலே வளரும். பெட்டை பருவகாலத்தில் மாதத்துக்கு இரண்டு முட்டை இடும், ஒருமுறை சேர்ந்தால் விந்தைப் பல மாதம் சேமித்தும் வைத்துக்கொள்ளும். கை தேர்ந்தவர்கள் அதன் வாயைத் திறந்து, அண்ணத்தில் வெள்ளையாகத் தெரியும் சுண்ணாம்புப் பைகள் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே ஆணோடு விடுவார்கள். அதற்கு வால் அறுந்தால் திரும்ப முளைக்காது. காட்டில் வளர்ந்தவற்றில் பெரும்பாலானவை மொட்டைதான். கடையிலோ வாலிழந்ததற்கு விலை குறைவு! இப்படிப் பெருகிப் பெருகி, அது சாதாரணக் கடைச் சரக்காகிவிட்டது. காட்டுக்குப் போய்ப் பிடித்து வருவதில் இனி யாருக்கும் லாபமில்லை.

சரி, வளர்ப்பில் எளிதாகப் பெருகினால் காடு தப்பிக்கும் என்று இதை வைத்து முடிவுகட்டலாமா? தான்சானியாவின் உலுகுரு மலையடிவாரத்தில் கிம்போசா என்றொரு சின்னக் காடு, ஏறக்குறைய 4 சதுர கிலோமீட்டர். அங்கே நம் தாழைக்கு உறவான மரங்களின் இலைக்கொண்டையில் விரல் நீளத்துக்கு ஒரு நீலப் பல்லி வாழ்கிறது. ஆண் மின்னும் நீலம், பெண் பச்சை. இதுவும் தொட்டியில் தாராளமாக முட்டையிடும் இனம்தான். ஆனாலும் 2004 டிசம்பர் முதல் 2009 ஜூலை வரை ஒரே ஒரு பிடிப்புக் குழு குறைந்தது 32,310 பல்லிகளைக் கொண்டுபோனதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். உச்சிக்கொண்டையில் ஒளிந்திருப்பதைப் பிடிக்க மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். அதாவது பல்லியோடு அதன் வீடும் போனது. வளர்ப்பவர்களால் பெருக்க முடியாமல் போனதால் இது நடக்கவில்லை. முட்டையைப் பொரிக்க வைத்துக் குஞ்சை மாதக்கணக்கில் வளர்ப்பதைவிட, தான்சானியக் கூலியாளுக்குச் சில்லறை கொடுத்து மரத்தைச் சாய்ப்பது மலிவாக இருந்தது, அவ்வளவுதான். கொண்டைப் பல்லியைக் காத்ததில் வளர்ப்போரின் திறமைக்குப் பங்குண்டு. ஆனால் நியூ கலிடோனியாவின் தூரமும் ஏற்றுமதித் தடையும் காட்டுப் பல்லியைப் பிடித்து வரும் செலவை ஏற்றி வைத்ததற்குத்தான் பெரிய பங்கு. கிம்போசாப் பல்லிக்கு அந்தக் காவல் 2016இல் ஜோகனஸ்பர்க்கில் கூடிய சைட்டிஸ் என்ற சர்வதேசக் காட்டுயிர் வணிக ஒப்பந்த மாநாட்டில்தான் கிடைத்தது, காட்டில் பிடித்ததை வியாபாரம் செய்யத் தடைவிதிக்கும் முதல் பட்டியலில் சேர்த்தார்கள்.

தடை போட்டால் விலை ஏறும், விலை ஏறினால் கடத்தல் கூடும் என்று வளர்ப்போர் பதில் சொல்வார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. 2009 டிசம்பரில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் விமான நிலையத்தில் ஒரு ஜெர்மானியர் பல்லியும் அரணையுமாக 44 உயிர்களை உள்ளாடைக்குள் பை தைத்து மறைத்துக் கொண்டுபோகையில் பிடிபட்டார். அந்நாட்டுப் பச்சைப் பல்லி வருடத்துக்கு இரண்டு குட்டிதான் ஈனும், எத்தனை தொட்டி வைத்தாலும் தேவைக்கு ஈடுகொடுக்காது. ஆனால் தடையே இல்லாத இடத்தில் என்ன நடந்தது? சீனாவின் குவாங்சியில் வாழும் குகைப் பல்லி ஒன்றை 1999இல் அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். கட்டுரையில் இடம் குறித்திருந்தது. வியாபாரிகள் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு போனார்கள். ஒன்று 1,500 முதல் 2,000 டாலர் வரை விற்றது, முதலில் கண்டெடுத்த இடத்தில் அது துடைக்கப்பட்டுவிட்டது என்று 2006இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2015இல் அதே பகுதியிலிருந்து இரண்டு புதிய இனங்களை விவரித்தவர்கள் ஊர்ப்பெயரை வெளியிடவில்லை. கண்டுபிடித்ததை எங்கே என்று சொல்ல அறிவியலே அஞ்சும் நிலை அது. அங்கே விலையை ஏற்றியது சட்டமா? 'புதியது, எவரிடமும் இல்லாதது' என்ற ஒன்றுதான்.

'வளர்ப்பில் பிறந்தது' என்ற சீட்டையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். இந்தோனேசியா 2014இல் 30 லட்சம் டோக்கே பல்லிகளை வளர்ப்பில் பிறந்தவை என்று உயிரோடு ஏற்றுமதி செய்ய அனுமதித்தது. மருந்துச் சந்தைக்காக உலர்த்தி விற்கும் பத்து லட்சம் பல்லிகளை உண்மையாகவே பண்ணையில் உருவாக்க என்ன வேண்டும் என்று டிராஃபிக் என்ற காட்டுயிர் வணிகக் கண்காணிப்பு அமைப்பின் அறிக்கை கணக்குப் போட்டது: 1,40,000 பெட்டைகள், 14,000 ஆண்கள், 1,12,000 வளர்ப்புக் கூண்டுகள், நூற்றுக்கணக்கான ஆட்கள். அப்படிப்பட்ட பண்ணையில் லாபம் எங்கிருந்து வரும்? இலங்கைச் சட்டம் தன் நாட்டுக் கொம்பு ஓணான்களை வியாபாரத்துக்கு வெளியே விடுவதில்லை. அவையும் ஐரோப்பாவில் வளர்ப்பில் பிறந்தவை என்று விற்பனைக்கு வந்தன. குஞ்சு தொட்டியில் பிறந்திருக்கலாம், பாட்டன் பாட்டி எந்த விமானத்தில் போனார்கள் என்று கேட்க ஐரோப்பியச் சட்டத்தில் அப்போது இடமில்லை. 2019இல் சைட்டிஸ் பட்டியலில் ஏறிய பிறகே அந்தக் கேள்விக்குச் சட்ட பலம் வந்தது.

சந்தை தேடுவது கிடைக்காத்தன்மையைத்தான் என்பதற்கு வேறு எதையும்விட வலுவான சாட்சி, காட்டோடு சம்பந்தமே இல்லாத ஒரு பல்லி. சிறுத்தைப் பல்லி பல பத்தாண்டுகளாகத் தொட்டிகளில் பெருகி, நாய் பூனை போலச் சகஜமாகிவிட்டது. சகஜமானதும் அதன் உடம்பிலேயே அருமையைச் செய்ய ஆரம்பித்தார்கள்: நிறமாற்றம் உள்ள குஞ்சுகளைத் தேர்ந்து இணைத்து 'மார்ஃப்' என்ற பெயரில் விற்பது. அப்படி வந்ததுதான் 'லெமன் ஃப்ராஸ்ட்'. எலுமிச்சை மஞ்சளும் உறைபனி வெள்ளையுமாய்ப் பளிச்சென்று இருக்கும். அந்தப் பளபளப்புக்குக் காரணமான மரபணுவே வெள்ளை நிறமிச் செல்களைக் கட்டுக்கடங்காமல் பெருக்குகிறது. அந்த நிறத்தோடு பிறந்தவற்றில் 80 சதவீதத்துக்கும் மேல் தோலில் கட்டி வருகிறது என்று 2021இல் வெளியான மரபியல் ஆய்வு காட்டியது. நிறமும் நோயும் ஒன்றே என்பதால் ஒன்றை விட்டு மற்றதைப் பிரித்தெடுத்து வளர்க்கும் வழி தெரியவில்லை.

கொண்டைப் பல்லிக்கே திரும்புவோம். காட்டுப் பல்லிக்கு விலை போய்விட்டது, அதனால் பிடிப்பவன் வருவதில்லை. அதற்குப் பதிலாக நியூ கலிடோனியக் காடுகளில் இப்போது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து சேர்ந்த ஒரு குட்டி நெருப்பெறும்பு, மரத்துக்கு மரம் பல்லிகளைத் துரத்திக்கொண்டிருக்கிறது. தொட்டிகளில் இருக்கும் ஆயிரக்கணக்கான கொண்டைப் பல்லிகளில் பெரும்பாலானவற்றுக்கு எந்தக் காட்டு வம்சம் என்ற பதிவே இல்லை. திருப்பி அனுப்புவதென்றாலும் எந்த மரத்தில் கொண்டுபோய் விடுவது?