சீட்டுப் பணத்தில் ஒரு கேமரா



பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மதரஸாத் திண்ணையில் அமர்ந்திருந்த ஒரு மாலைப் பொழுதில், என்னிடம் முன்பு ஓதிய மாணவர் ஒருவர் தம் உம்மாவுடன் வந்து ஸலாம் கூறி நின்றார். வயது பத்தொன்பது. ஸ்டூடியோ ஒன்றில் ஓராண்டாக எடுபிடி வேலை. விளக்குப் பிடித்தும் ஒயர் சுருட்டியும் கற்ற தொழிலைத் தாமே செய்து பிழைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. உம்மாவின் கையில் மஞ்சள் பை. அதில் நாற்பதாயிரம் ரூபாய். இரண்டாண்டுகள் இடியாப்பம் அவித்து விற்ற காசில் கட்டிய சீட்டு அது. மகனின் கையில் கடைக்காரர் எழுதிக் கொடுத்த தாள். புதிய கேமரா, லென்ஸ் இரண்டு, தோள்பை, ட்ரைபாட், கார்டு என வரிசையாக எழுதி, கையிலிருந்ததைக் காட்டிலும் பதினைந்தாயிரம் கூடுதலாகக் கூட்டுத்தொகை போடப்பட்டிருந்தது. மீதத்துக்கு ‘வட்டியில்லாத் தவணை’யாம்.

“ஹஜ்ரத், நீங்கள் கேமரா வைத்துப் புழங்குகிறவர்கள். இது சரியாக வருமா என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றார் அந்தத் தாய்.

அரபி கற்பிப்பவனுக்குக் கேமராவோடு என்ன உறவு என நீங்கள் கேட்கலாம். கல்லூரியில் நான் படித்தது வரலாறு. எங்கள் ஊர் மையவாடியிலுள்ள பழைய மீஸான் கற்களின் எழுத்துகள் உப்புக் காற்றில் உதிர்ந்துகொண்டிருப்பதைக் கண்டு, அவற்றைப் படமெடுத்து வைக்க எண்ணி, பழைய நிக்கான் டி3100 ஒன்றை வாங்கினேன். 2010இல் வெளிவந்த மாடல். 14 மெகா பிக்சல்தான். ஆயினும் அதன் படத்தைப் பதினைந்து அங்குல அகலத்துக்கு அச்சிட்டாலும் எழுத்து கூர்மை குன்றாமல் நிற்கிறது. உயிருள்ளவற்றைப் படமெடுப்பது குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனை ஆராயும் இடம் இப்பகுதியன்று.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘கேமரா’ என்னும் சொல்லே அரபியிலிருந்து வந்ததென்று மேடைதோறும் முழங்குகிறார்கள். அது சரியன்று. வளைந்த கூரையுடைய அறையைக் குறிக்கும் இலத்தீன் சொல் அது. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைதம், சிறு துளை வழியே இருட்டறைக்குள் ஒளி புகும் விதத்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆராய்ந்து எழுதினார் என்பது உண்மை. அந்தப் பெருமை போதாதா? இல்லாத பெருமையை ஏன் ஒட்டவைக்க வேண்டும்?

இனி அந்தத் தாளுக்கு வருவோம்.

டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் உள்ளே, லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக ஒரு சிறு கண்ணாடி இருக்கிறது. லென்ஸ் காணும் காட்சியை அது மேல்நோக்கித் திருப்பி உங்கள் கண்ணுக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலெழுகிறது, ஷட்டர் திறக்கிறது, ஒளி சென்சாரில் விழுகிறது. இந்தக் கண்ணாடியை நீக்கிவிட்டு வந்தவையே இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள். பெரிய நிறுவனங்களின் கவனம் முழுவதும் இப்போது அவற்றின் மீதுதான். 2020க்குப் பின் கேனானோ நிக்கானோ புதிய டி.எஸ்.எல்.ஆர். மாடல் எதையும் கொண்டுவரவில்லை. தொடக்கநிலையினருக்காக நிக்கான் செய்த டி3000 வரிசையில் 2018இல் வந்த டி3500தான் கடைசி.

“அப்படியாயின் அதை ஏன் வாங்க வேண்டும்?” என்று உம்மா கேட்டார். நியாயமான கேள்வி. பிறர் மிரர்லெஸ்ஸுக்கு மாறிவிட்ட காரணத்தாலேயே, நல்ல நிலையிலுள்ள டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களும் லென்ஸ்களும் குறைந்த விலைக்குக் கைமாறுகின்றன. தொழில் கற்பவருக்கு அவை போதும். ஒளி, தூரம், வேகம் ஆகிய மூன்றையும் பத்தாண்டுப் பழைய கேமராவும் அதே ஒழுங்கில்தான் கற்பிக்கும். நாளை மிரர்லெஸ் வாங்கினாலும், அந்நிறுவனமே விற்கும் இணைப்பு வளையத்தைப் போட்டு இன்றைய லென்ஸ்கள் பலவற்றை அதில் பயன்படுத்தலாம். ஆகவே லென்ஸில் இட்ட பணம் உடனே வீணாகிவிடாது. ‘பாடி’ எனப்படும் கேமராவில் இட்ட பணமோ ஆண்டுக்கு ஆண்டு கரையும். இந்தக் கணக்கை அறியாமல்தான் பலரும் புத்தம் புதிய பாடிக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, லென்ஸுக்கு வழியின்றி நிற்கிறார்கள்.

தாளில் எழுதியிருந்த கேமரா கேனான் 1500டி. 2018இல் வந்தது, 24 மெகா பிக்சல், படமும் நன்றாகவே வரும். வீட்டு விசேஷத்துக்கும் சுற்றுலாவுக்கும் வாங்குவோர் அதனால் ஏமாற மாட்டார்கள். ஆனால் கல்யாண வீட்டில் படமெடுத்துப் பிழைக்க விரும்பும் ஒருவருக்கு அதில் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. கடைக்காரர் அதைச் சொல்லவில்லை. ஃபிளாஷ் விளக்கைச் செருகும் மேல்பகுதியின் நடுவில் ஒரு சிறு உலோகப் புள்ளி இருக்கும். எந்த நிறுவனத்தின் ஃபிளாஷையும் எரியச் செய்வது அதுவே. 1500டி, 3000டி ஆகியவற்றில் கேனான் அதனை நீக்கிவிட்டது. 2019இல் வந்த 200டி மார்க் 2இலும் இல்லை. நடுப்புள்ளியை மட்டும் நம்பி எரியும் மலிவான ஃபிளாஷ்களும், தூரத்திலிருந்து விளக்கை எரிய வைக்கும் ட்ரிக்கர்களும் இவற்றில் வேலை செய்யா. கேனானின் சொந்த ஃபிளாஷை வாங்குவதாயின் விலை கூடுதல். இவை தவிர, 3000டியில் லென்ஸ் பூட்டும் வளையமே பிளாஸ்டிக். அடிக்கடி லென்ஸ் மாற்றுவோருக்கு அது உகந்ததன்று.

நிக்கானிலும் கண்ணி இல்லாமல் இல்லை. டி3500, டி5600 போன்ற சிறிய பாடிகளுக்குள் லென்ஸைத் திருப்பும் மோட்டார் கிடையாது. மோட்டார் லென்ஸிலேயே இருக்க வேண்டும். பெயரில் ஏ.எஃப்.எஸ். அல்லது ஏ.எஃப்.பி. என்றிருந்தால் மோட்டார் உண்டு. விலை மலிவு என்று பழைய 50 மி.மீ. 1.8டி லென்ஸை வாங்கி மாட்டினால் படம் எடுக்கலாம். ஃபோகஸை மட்டும் கையால்தான் திருப்ப வேண்டும். நானும் இப்படி ஒருமுறை இடறினேன். ஏ.எஃப்.பி. லென்ஸ் ஒன்று மலிவாகக் கிடைத்ததென மகிழ்ந்து வாங்கி என் டி3100இல் மாட்டினேன். அந்தப் பழைய பாடியோடு அவ்வகை லென்ஸ் தானாகவும் ஃபோகஸ் ஆகாது, கையால் திருப்பியும் ஆகாது. விற்றவர்மீது குற்றமில்லை, படித்துப் பார்க்காதவன் நான்தான்.

தாளில் இரண்டாவதாக இருந்தது 55 முதல் 250 மி.மீ. வரையிலான தொலைநோக்கு லென்ஸ். வீட்டுக் கூடத்தில் நடக்கும் நிகாஹில் அதை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது? பறவைகளைப் படமெடுப்போருக்கு அது பயன்படும். அந்தப் பணத்துக்கு 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை வாங்கலாம் என்றேன். கேமராவோடு வரும் 18–55 கிட் லென்ஸ், 35 மி.மீ. நிலையில் சுமார் எஃப் 4.5 அளவுக்கே திறக்கும். எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு ஒளியை உள்ளே விடும். கிட் லென்ஸில் விநாடியின் முப்பதில் ஒரு பங்கு நேரம் தேவைப்படும் இடத்தில், இதில் நூற்றெண்பதில் ஒரு பங்கு நேரம் போதும். டியூப் லைட் வெளிச்சத்தில் ஓடியாடும் குழந்தையின் முகம் கலங்காமல் வருவதும், கலங்கிப்போவதும் இந்த வேறுபாட்டில்தான். 50 மி.மீ. லென்ஸும் இதே போல் ஒளி தரும். ஆனால் இச்சிறு சென்சார் கேமராக்களில் அது 75, 80 மி.மீ. போல நெருக்கிக் காட்டும். நம் வீட்டு அறைகளில் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் ஐந்து பேரை அடக்க முடியாது.

பழையதை வாங்குவோர் கண்ணால் கண்டே வாங்க வேண்டும். லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். கடற்கரை ஊர்களில் இந்நோய் அதிகம். எஃப் 16 வைத்து வெறும் வானத்தைப் படமெடுத்துத் திரையில் பெரிதாக்கினால் சென்சாரில் உள்ள அழுக்கு புள்ளி புள்ளியாகத் தெரியும். தூசி என்றால் துடைத்துவிடலாம். கீறல் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நிக்கானில் எடுத்த ஒரு படத்தைக் கணினியில் திறந்தால், அந்தக் கேமரா அதுவரை எத்தனை தடவை ஷட்டர் திறந்தது என்ற எண்ணைப் படத்தோடு பதிந்துள்ள தகவலில் காணலாம். கேனானின் தொடக்கநிலை மாடல்கள் அதைப் படத்தில் பதிவதில்லை. தொடக்கநிலைப் பாடியின் ஷட்டர் ஓர் இலட்சம் தடவை அளவுக்கு உழைக்கும் எனக் கொள்வது வழக்கம். முப்பதாயிரத்துக்குள் இருந்தால் தயங்க வேண்டியதில்லை. கேமராவின் அடியிலுள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்க மறவாதீர்கள். திருட்டுப் பொருளை அறியாமல் வாங்கினாலும் தொல்லை நம்மையே சேரும்.

வாங்கிய பின் அதைத் தோல் பைக்குள் போட்டு பீரோவில் பூட்டி வைப்பதுதான் பூஞ்சைக்கு நாம் செய்யும் விருந்து. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, வாரம் ஒருமுறையாவது வெளியே எடுத்துப் புழங்குங்கள்.

‘வட்டியில்லாத் தவணை’ பற்றியும் அந்தத் தாய் கேட்டார். அவருடைய மனத்தை உறுத்தியது விலையை விட அதுதான். கடன் அட்டையின் கணக்குத் தாளை வரவழைத்துப் பாருங்கள் என்றேன். பொதுவாக வங்கி அதில் மாதந்தோறும் வட்டியைத் தனி வரியாகவே எழுதும். அந்த வட்டிக்கு ஈடான தொகையைக் கடைக்காரரோ நிறுவனமோ முதலிலேயே விலையில் தள்ளுபடியாகக் கழித்திருப்பர். வட்டியின்மீது ஜி.எஸ்.டி. வேறு சேரும், சில வங்கிகள் நடைமுறைக் கட்டணமும் பிடிக்கும். பெயர்தான் வட்டியில்லாதது; ஒப்பந்தத்தில் வட்டி இருக்கிறது. உம்மா தாளை நான்காக மடித்துப் பையின் அடியில் வைத்துவிட்டார். மகனின் முகம் வாடிற்று. புத்தம் புதிய பெட்டியைப் பிரிக்கும் ஆசை அந்த வயதில் யாருக்குத்தான் இராது?

பத்து நாள் தேடினோம். ஆசிரியர் ஒருவர் வாங்கி, நான்கைந்து சுற்றுலாக்களுக்கு மட்டும் எடுத்துச் சென்ற நிக்கான் டி5300 கிட் லென்ஸோடு கிடைத்தது. 2013இல் வந்த மாடல். 24 மெகா பிக்சல். திரையைப் பக்கவாட்டில் விரித்துத் திருப்பலாம். வெளியிலிருந்து மைக் செருகவும் இடமுண்டு. ஷட்டர் எண் பதினோராயிரத்துச் சொச்சம். ஏ.எஃப்.எஸ். 35 மி.மீ. லென்ஸ் ஒன்றும், ஃபிளாஷ் ஒன்றும் தனியே வாங்கினோம். எல்லாம் நாற்பதாயிரத்துக்குள் அடங்கி, உம்மாவின் பையில் கொஞ்சம் மிஞ்சவும் செய்தது.

நான் எதிர்பாராதது அதன்பின் நடந்தது. பாடியின் எடை அரைக் கிலோ அளவே. அண்ணன் ஸ்டூடியோவுக்குப் போன நேரங்களில் தங்கை அதை எடுத்துப் பழகியிருக்கிறாள். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பெண். ஒளியைப் பார்க்கும் கண் அவளுக்கு அண்ணனைவிடக் கூர்மை. இதை அண்ணனே என்னிடம் ஒப்புக்கொண்டார். நம் கல்யாண வீடுகளில் பெண்கள் பகுதிக்கு ஆண் புகைப்படக்காரரை அழைக்க விரும்பாதோர் பலர். பெண் ஒருத்தி கிடைத்தால் போதும் என்றிருப்பவர்கள். சென்ற வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து அப்படி ஒரு விசாரிப்பு வந்திருக்கிறது. எடுக்கும் படங்கள் உள்ள கார்டை அன்றிரவே பெண் வீட்டாரிடம் ஒப்படைத்துவிட வேண்டும், தன்னிடம் ஒரு பிரதியும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அந்த வீட்டார் கேட்க, அவளும் சம்மதித்திருக்கிறாள்.

இந்தக் கேமராவின் பாட்டரி ஒரு சார்ஜில் அறுநூறு படங்கள் வரை தாங்கும். கல்யாணத்துக்கு அது போதாது. இன்னொரு பாட்டரி, அசலாகவே வாங்க வேண்டும், மிஞ்சிய பணம் காணுமா என்று உம்மா நேற்று ஆளனுப்பிக் கேட்டிருந்தார். காணும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.