பறவைக்குப் பகைவன் யார்?

பங்குனி பிறந்துவிட்டது. கிளிஞ்சல்மேட்டுக்கு அருகே, அரசலாறு கடலோடு கலக்கும் சேற்றுத் திட்டில் உள்ளான்கள் ஓயாமல் இரை பொறுக்குகின்றன. பட்டணத்துக் கனவான்கள் சிலரும் பைனாகுலரும் காமிராவுமாக வந்து இறங்கியிருக்கிறார்கள். வரட்டும்! பறவை பார்ப்பது பாவமல்ல. ஆனால், கரையில் வலை சரிபார்த்துக் கொண்டிருந்த ஒரு பெரியவரைப் பார்த்து, "உங்களால்தான் பறவைகள் குறைந்து போச்சு" என்று சொன்னாரே ஒரு கனவான், அதற்குப் பதில் சொல்லாமல் விட முடியாது.

அந்தப் பெரியவர் ஐம்பது வருஷமாகப் பறவை பார்க்கிறவர். ஆலாக்கள் கூட்டமாகப் பாய்ந்து எழும் இடத்தைப் பார்த்து மீன் இருக்குமிடம் அறிந்து வலை விடுகிறவர். அவருக்குப் பறவை பொழுதுபோக்கல்ல, பிழைப்பு.

நம் தோழர்களிலும் சிலர் சிரிக்கக்கூடும்: "கூலி உயர்வு பேச வேண்டிய பத்திரிகையில் உள்ளான் கதை எதற்கு?" என்று. கேளுங்கள், தோழர்களே. வளைமூக்கு உள்ளான் என்று ஒரு குருவி. எடை 60 கிராம் அளவுதான். சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்து, குளிருக்கு நம் கரைக்கு வருகிறது. மாசி, பங்குனியில் சேற்றுப் புழுவையும் நத்தையையும் தின்று கொழுப்பேற்றிக் கொண்டுதான் மீண்டும் வடக்கே பறக்க முடியும். அந்தச் சேறு கெட்டால் பறவைக்கு வழிச்சோறு இல்லை. அதே சேறு கெட்டால் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளராது, நமக்கும் சோறு இல்லை.

சேற்றைக் கெடுத்தவர் யார்? 1990-களில் நாகைக் கரையோரத்து நஞ்சை நிலங்களை வளைத்து இறால் பண்ணை வெட்டினார்களே, அவர்கள்! வயலில் உப்பேறியது, குடிதண்ணீர்க் கிணறு கரித்தது, நடவு, அறுவடை என்று நம்பியிருந்த விவசாயக் கூலிகள் வேலையிழந்தார்கள். கழிவு நீரோ வாய்க்காலில் பாய்ந்தது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். (அவர் பாதை வேறு, நம் பாதை வேறு, செய்த காரியத்தை மறைப்பானேன்?) 1996 டிசம்பர் 11-ந் தேதி தீர்ப்பு வந்தது: பழைய முறைப் பண்ணைகள் நீங்கலாக, கடலேற்ற எல்லைக்கு 500 மீட்டருக்குள் உள்ளவற்றை அகற்ற வேண்டும் என்று. என்ன நடந்தது? 2005-ல் பார்லிமெண்டில் புதுச் சட்டம் போட்டு, அனுமதி பெற்ற பண்ணைகளுக்குக் கடற்கரையில் மறுபடியும் கதவைத் திறந்துவிட்டார்கள். அப்போது எந்தப் பைனாகுலர் அந்தப் பக்கம் திரும்பியது?

தெற்கே வேதாரண்யம் தாண்டிக் கோடிக்கரைக்குப் போங்கள். 1967-ல் சரணாலயம், 2002-ல் ராம்சார் பட்டியலில் இடம். நல்லது. ஆனால் காட்டில் ஏழைப் பெண் சுள்ளி பொறுக்கினால் குற்றம், மாடு மேய்ந்தால் குற்றம். பக்கத்துச் சதுப்பிலோ ரசாயனக் கம்பெனிகளின் உப்பளங்கள் ஆயிரக்கணக்கான ஏக்கரில்! சுள்ளிக் கட்டு கண்ணில் படுகிறது, உப்பளம் படவில்லை. விசித்திரமான கண்ணாடி!

ஜனங்கள் பறவைக்கு எதிரி என்கிறவர்கள் வேடந்தாங்கல் சரித்திரத்தையாவது படிக்கட்டும். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரமென்று அறிந்து பறவையைக் காத்தவர்கள் அவ்வூர் விவசாயிகள். துப்பாக்கி தூக்கி வந்தவர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். விவசாயிகள் முறையிட்டு, 1798-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பாதுகாப்புக்கு உத்தரவு வாங்கினார்கள். அன்று சரணாலயச் சட்டமும் இல்லை, பறவை சங்கமும் இல்லை.

கிளிஞ்சல்மேட்டுப் பெரியவர் கனவானோடு வாதாடவில்லை. "தம்பி, நீங்க தை மாசத்துல பறவையை எண்ண வர்றீங்க. நாங்க வருஷம் பூரா இங்கேதான் இருக்கோம். எங்களையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க" என்றார். கனவான் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு ஜீப்பில் ஏறினார்.