தொட்டியில் ஒரு வானவில்

மீன் வளர்க்கத் தொடங்கும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் நாடுவது கப்பி மீனையே. அதனினும் சற்று மிகுந்த பொறுமையை வேண்டுவதும், அப்பொறுமைக்கேற்ற பயனைத் தருவதுமான வானவில் மீனை இவ்வாரம் நேயர்களுக்கு அறிமுகஞ் செய்ய விழைகின்றோம்.

அவுஸ்திரேலியாவும் நியூகினித் தீவுமே இம்மீன்களின் தாயகம். இவற்றுட் பல இனங்கள் உள. நாம் இங்கு எடுத்துக்கொள்வது போஸ்மன் வானவில் மீனை. மேற்கு நியூகினியில், இந்தோனேசியாவுக்குரிய பகுதியிலே, பறவையின் தலைபோல் அமைந்த தீபகற்பம் ஒன்றுண்டு. அங்குள்ள அயமாரு ஏரிகளிற் காணப்பட்ட இம்மீனை 1950களின் நடுவிலே சேகரித்தவர் போஸ்மன் என்னும் ஒல்லாந்த அறிஞர். 1980இல் அலன், குரொஸ் என்னும் இருவர் இதனைத் தனியினமென விவரித்து, அவர் பெயரையே சூட்டினர். ஆண் மீனின் முன்பாதி நீலமாகவும் பின்பாதி செம்மஞ்சளாகவும் ஒளிரும். நீளம் ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர். பெண்ணின் நிறம் மங்கலானது.

கூட்டமாக விரைந்து நீந்தும் இயல்பினவாதலால் ஆறேழு மீன்களுக்கு 4 அடி நீளத் தொட்டி நன்று. துள்ளிப் பாயுமாதலின் மூடியும் வேண்டும். அயமாரு ஏரிகள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் அமைந்தவை. அவற்றின் நீர் வன்னீர். ஆகவே யாழ்ப்பாணக் குடாநாட்டில் உவர்ப்பற்ற நல்ல கிணற்றுநீர் இவற்றுக்கு ஒவ்வும். குழாய்நீராயின் குளோரீன் நீங்குமாறு ஓரிரு நாள் திறந்துவைத்துப் பயன்படுத்துக. வாரந்தோறும் நாலிலொரு பங்கு நீரை மாற்றுதல் வேண்டும்.

குஞ்சு பெற விரும்புவோர் ஓர் ஆணையும் இரண்டு பெண்களையும் வேறு தொட்டியில் விடுக. கரும்பச்சைக் கம்பளிநூலைக் கற்றையாகக் கட்டி, தக்கையொன்றிற் பிணைத்து மிதக்கவிடுக. காலை வெயில் படும்போது ஆண் மீன் நெற்றியில் ஒளிக்கீற்று மின்னப் பெண்ணைச் சுற்றிவரும் காட்சி கண்ணுக்கு விருந்தாகும். பெண் ஒரேயடியாக முட்டையிடாது, நாள்தோறும் சிலவாக இடும். முட்டைகள் நுண்ணிய ஒட்டிழைகளால் நூலிற் பற்றிக்கொள்ளும். பெரிய மீன்கள் அவற்றைத் தின்றுவிடாதவாறு கற்றையை வேறு பாத்திரத்துக்கு மாற்றுக. வெப்பம் 25 முதல் 28 பாகை செல்சியஸ் வரை இருப்பின், ஒரு வாரம் முதல் பத்து நாளில் குஞ்சுகள் வெளிவந்து நீர்மட்டத்தில் நீந்தும். அவற்றின் வாய் மிகச் சிறிது. முதலிற் பசுநீரிலுள்ள நுண்ணுயிர்களையும், பின்னர் புதிதாகப் பொரித்த ஆட்டீமியாக் குஞ்சுகளையும் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுத்தல் வேண்டும். முழு நிறமுங் காண ஓராண்டளவு காத்திருக்க நேரும்.

இனி, நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றுண்டு. வானவில் மீன்களுள் ஓரினம் மற்றோரினத்துடன் எளிதிற் கலந்து குஞ்சு பெறும். பல இனங்களின் பெண்கள் ஒன்றுபோலவே தோன்றுதலால், பிழை நேர்ந்ததும் புலப்படாது. கலப்புக் குஞ்சுகள் கைமாறிப் பரவினால், சில தலைமுறைகளில் உண்மையான போஸ்மன் மீன் எதுவெனக் கூறவும் இயலாது போகும். இஃது அற்ப விடயமன்று. 1980களில் வாணிகத்துக்காகப் பெருந்தொகையான ஆண் மீன்கள் அவ்வேரிகளிலிருந்து பிடிக்கப்பட்டன. இன்று அது அழியும் அபாயத்திலுள்ள இனமாகக் கணிக்கப்பட்டுள்ளது. தாயகத்திலே அருகிவரும் ஓர் உயிரின் தூய வழித்தோன்றல்கள் நம் வீட்டுத் தொட்டியில் இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆகையால் ஒரு தொட்டியில் ஓரினத்தையே வளர்த்துக் குஞ்சு பெறுக. மீன் எங்கே, எப்போது பெறப்பட்டதென்பதை ஒரு கொப்பியிற் குறித்துவைக்குக. ஐயத்துக்குரிய குஞ்சுகளைப் பிறருக்குக் கொடாது தாமே வளர்க்குக. மிஞ்சியவற்றை ஊர்க்குளத்திலோ வாய்க்காலிலோ ஒருபோதும் விடலாகாது; அங்குள்ள நம் நாட்டு மீன்களுக்கு அவை தீங்காக முடியலாம். இவ்வளவையும் ஏற்றுக்கொள்ளும் இளைஞர்கள் கம்பளிநூலும் தக்கையுந் தேடத் தொடங்கலாம்.