எத்தினி வாட்டிடா சாவ?

போன வாரம் ஒரு ராத்திரி 'செலஸ்ட்' என்ற வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தேன். மடலின் என்ற பெண் ஒரு பனிமலையில் ஏறவேண்டும். கதை என்று பார்த்தால் அவ்வளவுதான். ஒரே இடத்தில் முள்ளில் குத்திக் குத்தி விழுந்துகொண்டிருந்தாள். தறிக்குழியிலிருந்து எழுந்து கால் கழுவப் போன அப்பா, என் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எத்தினி வாட்டிடா சாவ?"

"இந்த எடத்துல மட்டும் நாப்பத்தி மூணுப்பா."

"பரவால்ல. சாவறதுக்குக் காசு எதுவும் கேக்கலல்ல?"

கேட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் அதற்கப்புறம் ஆட்டத்தில் கவனம் நிற்கவில்லை. வருஷக்கணக்காகத் தறியில் உட்கார்ந்தவருக்குப் பிசகு என்றாலே கணக்கு. கண்ணில் பட்டால் பிரித்து நெய்யவேண்டும், அரை நாள் போகும். கண்ணுக்குத் தப்பிச் சேலையோடு போய்விட்டால் கூலியில் பிடித்தம். அதனால் எந்த வேலையைப் பார்த்தாலும் அவருக்கு முதலில் தோன்றும் கேள்வி, 'இதில் தப்பு செய்தால் என்ன போகும்?' என்பதுதான். சமீபத்தில் நான் ஆடிய ஆட்டங்களையெல்லாம் அந்தக் கேள்வியை வைத்தே உரசிப் பார்த்தேன். விமர்சகர்கள் போடும் நட்சத்திரங்களைவிட இந்த உரைகல் சரியாக வேலை செய்கிறது.

செலஸ்ட் 2018-இல் வந்தது. விழுந்தால், கண்ணை மூடித் திறப்பதற்குள் அதே திரையின் ஓரத்தில் மறுபடி நிற்கவைத்துவிடும். காசு, புள்ளி, ஆயுதம் என்று எதையும் பிடுங்காது. எத்தனை முறை செத்தோம் என்று மட்டும் எண்ணி அத்தியாயத்தின் முடிவில் காட்டும். அந்த எண்ணைப் பார்க்க எனக்கு வெட்கமாக இல்லை. எத்தனை இழை ஓட்டினோம் என்ற கணக்கு மாதிரிதான் இருந்தது.

இன்னொரு காரணத்துக்காகவும் அது எனக்கு நெருக்கம். அந்த உலகம் முழுக்க 320-க்கு 180 கட்டங்களில் வரையப்பட்டது. எங்கள் நெசவுத் தெருவில் பிறந்தவனுக்குக் கட்டம் புதிதில்லை. சேலையில் மாங்காய் புட்டா போடவேண்டுமென்றால் முதலில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்புவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வழவழவென்ற வளைவு, கிட்டே போனால் படிக்கட்டு. அந்தத் தாளைப் பார்த்து அட்டையில் துளை அடிப்பார்கள். துளை இருந்தால் கொக்கி பாவு இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. பிரெஞ்சுக்காரர் ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கும் துளை அட்டை வைக்கலாம் என்று நினைத்தார். மடலினின் சிவப்பு முடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தாளில் சிவப்புப் பென்சிலால் நிரப்பிய நாலு கட்டம்தான் ஞாபகம் வருகிறது.

கஷ்டமாக இருக்கிறதா? செலஸ்டில் உதவி முறை ஒன்று உண்டு. வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், சாகாவரமே வாங்கிக்கொள்ளலாம். ஐந்தாவது அத்தியாயத்தில் நான் அதைப் போட்டேன் என்று தெரிந்ததும் தெருப் பையன்கள் கேலி செய்தார்கள். அவர்களை இங்கே காஞ்சிபுரத்துச் செவிலிமேட்டில் இருக்கும் சாலைக் கிணற்றுக்குக் கூட்டிப்போகவேண்டும். காசி யாத்திரை போன இடத்தில் குருவே தன்னைக் கொல்லப் பார்க்கிறார் என்று தெரிந்து, விந்தியக் காட்டில் தனியாகத் தப்பி நின்றார் இளம் ராமானுஜர். ஒரு வேடனும் வேடுவச்சியும் துணைக்கு வந்தார்கள். ராத்திரி வேடுவச்சி தாகம் என்றாள். விடிந்ததும் பக்கத்தில் இருந்த இந்தக் கிணற்றிலிருந்து அவர் தண்ணீர் மொண்டு கொடுத்தார். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம், எதிரே காஞ்சிபுரத்துக் கோபுரம். வந்தவர்கள் காஞ்சி வரதராஜப் பெருமாளும் பெருந்தேவித் தாயாரும் என்பது ஐதீகம். ஒரே ராத்திரியில் விந்தியத்திலிருந்து காஞ்சிக்கு! அந்த மகானே உதவி வாங்கிக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்திருக்கிறார். நான் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் குற்றமா?

அடுத்து 'வெண்பா'. டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. 2024 பாஃப்டா விருது விழாவில் சிறந்த அறிமுக ஆட்டமாகத் தேர்வானது. எண்பதுகளின் கடைசியில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. மனைவிக்கு அவள் அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன வரிகளை நாம் யூகித்துச் சமைக்கவேண்டும்.

முதல் சமையலே இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாவற்றுக்கும் ஏறும் என்பதுதான் புதிர். நான் தப்பாக அடுக்கினேன். ஆட்டம் என்னைத் திட்டவில்லை, மறுபடி அடுக்கச் சொன்னது. பின்னாலிருந்து அம்மாதான் திட்டினாள்.

"இத்தினி வருஷமா துன்றியே, குண்டானத் தெறந்து ஒரு நாளாச்சும் பாத்துருக்கியாடா?"

அதோடு விடவில்லை. "நம்ம கோயில் இட்லிய வெக்கச் சொல்லு பாக்கலாம்" என்றாள். நியாயம்தான். வரதராஜர் கோயில் இட்லிக்குத் தட்டும் கிடையாது, குழியும் கிடையாது. மிளகு, சீரகம், சுக்கு போட்ட மாவை மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி, மணிக்கணக்கில் வேகவைத்து எடுப்பது. அதைப் புதிராக வைத்தால் அடுக்குகிற வேலையே இல்லை, காத்திருக்கிற வேலைதான்.

வெண்பாவை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். நடுவில் வானொலிப் பாட்டு, எந்தக் காலத்துத் தமிழ் சினிமா மெட்டு என்று கேட்டதுமே தெரியும்படி மாறிக்கொண்டே வருகிறது. ஆனால் என்னைப் பிடித்து உட்காரவைத்தது மகன் கவின்தான். வளர்ந்தபிறகு அம்மாவின் சமையலைத் தானே செய்து பார்க்கிறான், அவளுடைய தமிழ் அவனுக்குப் பிடிபடாமல் நழுவுகிறது. அடுப்பில் செய்த தப்பைத் திரும்பச் செய்து சரிக்கட்டலாம். வீட்டில் இத்தனை வருஷம் காதில் வாங்காமல் விட்ட தப்புக்குத் திரும்ப ஆடும் பொத்தான் கிடையாது. நோட்டை மூடிவிட்டு, எனக்குத் தறியில் பாவு பிணைக்கத் தெரியாது என்பதை நினைத்துக்கொண்டேன்.

புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-இல் கொடுத்த 'ராஜி'யை இப்போதுதான் ஆடினேன். அசுரன் தூக்கிப்போன தம்பி கோலுவைத் தேடி அக்கா திரிசூலத்தோடு கிளம்புகிறாள். துர்க்கையும் விஷ்ணுவும் மேலிருந்து பேசிக்கொள்வதுதான் கதைசொல்லல். கோட்டைகளும் சுவரோவியங்களும் நின்று நின்று பார்க்கவைக்கின்றன. சண்டை மட்டும் அந்த அழகுக்கு ஈடாக இல்லை. எந்த அடியில் தப்பினோம் என்று தெரியாமலே சாகிறோம். இழை அறுந்தது தெரிகிறது, எங்கே என்று தெரியவில்லை. முடிவும் முந்தி நெய்யாமல் சேலையை அறுத்த மாதிரி சட்டென்று நின்றுவிடுகிறது.

இதெல்லாம் நான் ஒருத்தன் ஆடுவது. சாயங்காலம் பாலாற்றுப் பாலத்துப் பக்கம் உட்காரும் பையன்களுக்கு பிஜிஎம்ஐ என்ற போன் ஆட்டம்தான் உலகம். பப்ஜியை 2020 செப்டம்பரில் தடை செய்தபோது எழவு வீடு மாதிரி இருந்தவர்கள், அடுத்த ஜூலையில் அது புதுப் பெயரில் வந்ததும் பழையபடி கூடிவிட்டார்கள். நூறு பேர் இறங்கி ஒருவரோ ஓர் அணியோ மிஞ்சும் ஆட்டம். ஒரு பிசகு, அரை மணி நேரம் போச்சு. கடுமைதான், ஆனால் போவது நேரம் மட்டும்.

அதே போனில் இன்னொரு வகையும் இருந்தது. காசு கட்டி ஆடும் சீட்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் முதல் வாரம் ஜெயித்தார். அப்புறம் பட்டு வாங்க வைத்திருந்த முன்பணம் போயிற்று, அதற்கப்புறம் வீட்டுக்காரியின் கம்மல் போயிற்று. மற்ற ஆட்டங்களில் பிசகு பாடம், அதில் பிசகுதான் சரக்கு. நாம் தப்பு செய்யச் செய்யத்தான் கடைக்காரனுக்கு வியாபாரம். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பண விளையாட்டுகளைச் சட்டம் போட்டுத் தடுத்தபோது, தொழில் போயிற்று என்று சிலர் வருந்தினார்கள். எனக்கு அந்தக் கம்மல்தான் ஞாபகம் வந்தது. அப்பாவின் கேள்வியை அந்த மனிதர் முதல் நாளே கேட்டிருக்கலாம்.

நேற்றுக் காலை அப்பா கூப்பிட்டார். சேலையின் உடலில் ஒரு புட்டா ஓரம் பிசகியிருந்தது. பதினோரு இழைக்கு முன்னால். "அட்டையப் பின்னாடி தள்ளு" என்றார். ஜக்கார்டு தறியில் பிரிப்பதென்றால் அட்டையையும் ஒவ்வொன்றாகப் பின்னால் திருப்பவேண்டும், இல்லாவிட்டால் இழை வழி விடாது. நான் ஒரு அட்டை தள்ள, அவர் மிதித்து, ஊடை இழையை அறுந்துவிடாமல் வெளியே இழுத்து விரலில் சுற்றிக்கொண்டார். பதினோரு முறை. முகத்தில் எரிச்சலே இல்லை. முடிந்ததும் நாடாவைக் கையில் எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு ஏறிச்சா?"

"இன்னும் இல்லப்பா."

"உம்" என்றார். தறி ஓட ஆரம்பித்தது.