சந்தை விலையா, ரிபாவா?

வங்கி வட்டி பணத்துக்குச் சந்தை வைக்கும் விலைதானாம், ரிபா ஆகாதாம். நம்மிடையே இப்படி வாதிடுவோர் அமெரிக்காவைச் சற்றுப் பார்க்கட்டும்.

அங்கே வீட்டு அடமானக் கடன்களைத் திரட்டிப் பத்திரங்களாக்கி விற்றனர். கடன் கொடுத்தவர் ஒருவர், வட்டி பெறுபவர் வேறொருவர். (கடனையே சரக்காக்கி விற்பதைப் பெரும்பாலான ஃபிக்ஹு அறிஞர்கள் வீணாகத் தடுக்கவில்லை.) 2008இல் வீட்டுக் கடன் சந்தை சரிந்தபோது, விலையைச் சந்தையிடமே விட்டார்களா? இல்லை. அந்நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ், 2009 ஜனவரி முதல் 2010 மார்ச் வரை 1.25 இலட்சம் கோடி டாலருக்கு இத்தகைய பத்திரங்களை வாங்கிக் குவித்தது. அதற்கான பணத்தை அது எவரிடமும் திரட்டவில்லை. வங்கிகளின் கணக்கில் வெறும் எண்ணாக வரவு வைத்தது. 2022இல் அந்தக் கையிருப்பு ஏறத்தாழ 2.7 இலட்சம் கோடி டாலர்!

வீட்டுக் கடனின் வட்டி விகிதம் குறைந்தது உண்மை. ஆயினும் அதே ஆண்டுகளில், தவணை தவறிய இலட்சக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்து வெளியேறின. சிரமப்படும் கடனாளிக்கு அவகாசம் அளிக்குமாறு திருக்குர்ஆன் (2:280) கட்டளையிடுகிறது. பத்திரத்துக்கு வாங்குபவரைத் தேடித்தந்தவர்களுக்கு அந்தக் கடனாளி கண்ணில் படவில்லையா?

சந்தை விலை என்போரிடம் நாம் கேட்பது இதுதான்: 2008க்குப் பின் அந்த விலையை வைத்தது யார்?